வெள்ளிக்கிழமை தெருவைக் கடந்த ஏழுகோட்டை

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இப்போது இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. என் அண்ணன் ரோமால்ட் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். திரை நீலமாகி நின்றுவிட்டது, அவன் கண் சிவப்பாகி நிற்கிறது. இந்த நேரத்தில் சிரித்தால் பாவம். கொஞ்சம் பொறுங்கள், சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது, நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

நான் டெல்சி, பதினோராம் வகுப்பு. ஒருவர் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதை அவர் குரலிலேயே நான் பேசிவிடுவேன். தூத்துக்குடியில் எங்கள் சங்குகுளித் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏமாறுவார்கள், அதுதான் இதில் அழகு. தண்ணி லாரிக்காரர் குரலில் ஒருநாள் கத்தினேன், பதினேழு குடம் வாசலுக்கு வந்தது. அப்பா குரலில் போன வாரம் போனில் பேசினேன், என் குரலில் மாதா மேல் சத்தியமும் பண்ணினேன், அண்ணன் பஸ் ஸ்டாண்டில் போய் ஒன்றரை மணி நேரம் நின்றான். அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணனின் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. திறந்தால் நீலம், அடைத்துத் திறந்தால் மறுபடி நீலம், பத்துத் தடவைக்கு ஒரு தடவை மனசு இரங்கி ஓடும். உள்ளே இருந்த ஓ.எஸ். கெட்டுவிட்டது, டிஸ்க் முழுவதையும் துடைத்துப் புதிதாக ஏற்றினால்தான் பிழைக்கும். சனிக்கிழமை காலை கப்பல் வேலைக்கான தேர்வை அவன் அந்தக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் துடைத்தாக வேண்டும். துடைப்பதில் அவனுக்கு வருத்தமில்லை. உள்ளே ஏழுகோட்டை இருந்தது, அதுதான் வருத்தம்.

ஏழுகோட்டை ஒரு கேம். நூற்று நாற்பத்தெட்டு ஜி.பி. கனமுள்ள ராஜ்ஜியம். அதற்குள் அண்ணன் பதினைந்து வயசில் நுழைந்தான், ஒரு செவலைக் குதிரைக்குட்டியைப் பிடித்தான், ஆறு வருஷம் வளர்த்தான். குட்டிக்கு லாடம் அடித்தது, குட்டிக்குக் காய்ச்சல் கண்டு இவன் பனிமலை ஏறி மூலிகை பறித்தது, குட்டி குதிரையாகி முதல் முறை இவனைச் சுமந்து ஆற்றைத் தாண்டியது, எல்லாம் எங்கள் வீட்டில் ஜெபம் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். கம்ப்யூட்டர் போனால் போகட்டும், செவலை போகக்கூடாது. அவன் கேட்டது அவ்வளவுதான்.

அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தை இறக்கி வைக்க எங்கள் தெருவில் ஒரே ஓர் இடம்தான் உண்டு: எதிர்வீட்டுச் சந்தனமாரி அக்காவின் ஹார்ட் டிஸ்க். கறுப்பாய், சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், மஸ்கட்டில் இருக்கிற அவள் புருஷன் அனுப்பியது, விட்டுப்போன சீரியலெல்லாம் அதில்தான் சேர்த்து வைத்திருப்பாள். அண்ணன் போய் வாசலில் நின்றான்.

"அக்கா, ஒங்க ஹார்ட் டிஸ்க்க ஒரு நாளைக்குத் தருவீயளா?"

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம அதுவுமா வீட்டுப் பொருள வெளிய குடுப்பாகளால? உப்பு கேட்டாலே தரமாட்டேன். நாளைக்கு வா."

"நாளைக்குப் பரீட்சக்கா. இன்னைக்கு விட்டா செவல போயிரும்."

அக்கா குத்துவிளக்குத் திரியைத் தூண்டிவிட்டு யோசித்தாள். பிறகு, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னாள்: "வெளிய போறதுதான குத்தம்? உள்ள வாரது குத்தமில்லல்லா? ஒன் கேம இங்க கூட்டிட்டு வா."

ஆட்டோ ஓட்டுகிற இசக்கிராசா அண்ணாச்சிதான் நீளமான ஒயர் ஒன்று கொண்டுவந்தார். எங்கள் மாடி ஜன்னலில் இருந்து அக்கா வீட்டுத் தரைத்தள ஜன்னல் வரைக்கும் தெருவுக்குக் குறுக்கே, கொடித்துணிக்கு மேலே, அதை இழுத்துக் கட்டி, ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்த அக்காவின் லேப்டாப்பில் செருகினார். அண்ணன் கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கேமைக் காப்பி பண்ணப் பட்டனை அழுத்தினான். நூற்று நாற்பத்தெட்டு ஜி.பி. அந்தச் சுண்டுவிரல் தடிமன் ஒயருக்குள் எப்படிப் போகும்? போகாது. ஆகவே அது இறங்கி நடந்தது.

முதலில் மலைகள் வந்தன. எங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கி, தெருவைக் கடந்து, அக்கா வீட்டு வாசல்படி ஏறி, கறுப்பு டப்பாவுக்குள் போய் அடங்கின. மலைகளுக்குப் பின்னால் கோட்டைகள் வந்தன, கோட்டைகளுக்குப் பின்னால் கடல் வந்தது. கடல் வரும்போது எல்லோரும் வாசலில் இருந்த செருப்பை மட்டும் உள்ளே எடுத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில் கடலைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? கடலுக்குப் பின்னால் படைவீரர்கள் வந்தார்கள், படைவீரர்களுக்குப் பின்னால் அவர்கள் எய்யப்போகிற அம்புகள் தனித்தனியாக வந்தன, அம்புகளுக்குப் பின்னால் சந்தைக்காரர்கள் தலையில் சந்தையோடு வந்தார்கள். தண்ணி லாரி தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. இசக்கிராசா அண்ணாச்சி நடுவில் நின்று ஒரு கையால் லாரியை நிறுத்தி, மறு கையால் ராஜ்ஜியத்தைப் போகவிட்டார்.

பெரியதெல்லாம் சீக்கிரம் போனது. சின்னதுதான் உயிரை வாங்கியது. மூன்று மலையும் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. காட்டின் இலைகளோ ஒவ்வொன்றும் தனி ஃபைல். ஒவ்வொன்றும் வாசலில் நின்று, பேர் சொல்லி, பதிந்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். இன்னும் நாலு நிமிஷம் என்று திரையில் காட்டும். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்து இன்னும் ஒன்பது மணி நேரம் என்று காட்டும். "கல்யாண வீட்டு சமையல்காரன் மாதிரில்லா பேசுது," என்றார் அண்ணாச்சி. "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சும்பான், பந்தியில எல விழாது."

இதில் சந்தனமாரி அக்கா வேறு ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள். புது வீட்டுக்கு வருகிறவர்களைச் சும்மா விடுவாளா? "வலது கால், வலது கால எடுத்து வைங்க," என்று நாற்பதாயிரம் பேருக்கும் சொன்னாள், அவர்களும் வைத்தார்கள். குதிரைகள் வந்தபோது முன்னங்காலா பின்னங்காலா என்று வழக்கு வந்தது. கால் மணி நேரம் குதிரைகள் தெருவில் நின்று சாணி போட்டன. கடைசியில் முன்னங்கால் என்று முடிவானது. டிராகனுக்கு எந்தக் காலும் சரிதான், வாலை மட்டும் மிதியடியில் துடைத்துவிட்டு வரட்டும் என்றாள்.

மழைதான் வம்பில் மாட்டியது. தெருவோரம் தார்ப்பாயில் கருவாடு காயப்போட்டிருந்த லூர்து சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்: "ஏ மழ! அங்கனயே நில்லு. சாள இன்னும் ஒரு மணி நேரம் காயணும். நீ பாட்டுக்கு எறங்கி வந்தன்னா யாரு பதில் சொல்லுவா?" மழை எங்கள் ஜன்னல் திண்டில் உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தொரு சதவீதத்தில் எல்லாம் நின்றது. சித்தி கருவாட்டை அள்ளிச் சாக்கில் கட்டி உள்ளே வைத்துவிட்டு, "ம், இப்பப் போ," என்ற பிறகுதான் அது குனிந்த தலையோடு தெருவைக் கடந்தது.

இதுவா சிரிக்க வேண்டிய அந்த இடம் என்று கேட்காதீர்கள். இது இல்லை. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

ஏழுகோட்டையின் தளபதி பத்தரை மணிக்கே வந்துவிட்டார். தலை முதல் தாடை வரை இரும்பு முகமூடி, ஏழடி உயரம். கடைசி ஆள் போகும்வரை தான் உள்ளே போவதில்லை என்பது போல அக்கா வீட்டு வாசலில் ஈட்டியை ஊன்றி நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உள்ளங்கை அரித்தது. வாய் தெரியாத ஓர் ஆள்! அதுவும், அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்குவார் என்பதால் அண்ணன் அந்தக் கேமை ஆறு வருஷமும் சத்தமே வைக்காமல்தான் விளையாடினான்; தளபதியின் குரல் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இதைவிட என்ன வேண்டும்? மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய், ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை வாயில் வைத்தேன். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்படி குறி பார்த்தேன்.

"ரோமால்ட்! வீரனே! என் படை தாகமாக இருக்கிறது!"

அண்ணன் ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தான். தளபதி அசையாமல் நின்றார். அண்ணன் ஓடினான். மார்க்கெட்டில் இருந்த மோரெல்லாம் வந்தது. பிறகு தளபதி சித்தியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், எதற்கென்று தெரியாமலே கேட்டான். தண்ணி லாரிக்குச் சல்யூட் அடிக்கச் சொன்னார், அடித்தான். லாரிக்காரர் பதிலுக்கு ஒன்று அடித்தார். ஒட்டகங்களுக்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னார், அவன் குரலுக்கு ஒட்டகங்கள் ஓட்டமும் நடையுமாய்ப் போய் வேலை சுலபமானது. நான் பைப்பைக் கடித்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் உருண்டேன்.

நான்தான் சிரித்தேன், நீங்கள் பொறுங்கள்.

இரண்டு மணிக்குக் காட்டுக்குதிரைகள் வந்தன. அண்ணன் தெருவுக்கே இறங்கி வந்து, சட்டையை இழுத்துச் சரி செய்து, கையில் ஒரு கட்டிக் கருப்பட்டியோடு நின்றான். கறுப்புப் போனது, வெள்ளை போனது, சாம்பல் போனது. கடைசியில் செவலை வந்தது. குட்டியாக. முழங்கால் நடுங்குகிற, பிடரி முளைக்காத, யார் முதுகையும் சுமக்காத குட்டியாக. கருப்பட்டியை முகர்ந்தது, அண்ணனை ஒரு தூணைப் பார்ப்பது போலப் பார்த்தது, அவனைச் சுற்றிக்கொண்டு போய் முன்னங்காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்துவிட்டது.

"செவல," என்றான்.

அப்போதுதான் அவன் கவனித்தான். ஆறு வருஷம் இவனோடு சண்டை போட்டவன், இவனிடம் ரொட்டி விற்றவள், இவனால் உயிர் பிழைத்த ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் போனார்கள், ஒருவரும் இவன் முகத்தைப் பார்த்து நிற்கவில்லை. அண்ணன் மெதுவாக எதிர்வாசலைப் பார்த்தான். இசக்கிராசா அண்ணாச்சியிடம் சொன்னான்: "பரவால்ல அண்ணாச்சி. தளபதிக்காவது என்னையத் தெரியுது. பேரு சொல்லிக் கூப்புடுதாரு பாத்தீயளா?"

அந்த ஒரு வரியில் எனக்கு வாயிலிருந்த பைப் கசந்தது.

ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியும். போன வருஷம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரவல் தந்த லேப்டாப்பை இதே அண்ணன் துடைத்தபோது என் தோட்டக் கேமையும் பத்திரமாகத்தான் எடுத்து வைத்தான். திரும்ப வைத்தபோது தோட்டம் இருந்தது, நான் நட்ட ஒரு செடியும் இல்லை. மூன்று நாள் அழுதேன், நாலாவது நாள் படித்துத் தெரிந்துகொண்டேன். கேம் ஓர் இடத்தில் இருக்கும், நாம் அதில் வாழ்ந்தது, சேவ் என்ற பேரில், வேறு இடத்தில் இருக்கும். சி டிரைவில், டாக்குமென்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள், ஒரு மூலையில், ஒன்பதே ஒன்பது எம்.பி. மூன்று மலை போனது, கடல் போனது, நாற்பதாயிரம் பேர் போனார்கள். ஆறு வருஷத்துச் செவலை அந்த மூலையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் கூப்பிடவில்லை. இப்போது அண்ணன் துடைக்கப் போகிறான். பழிக்குப் பழி என்று சும்மா இருந்திருக்கலாம். கருப்பட்டியோடு நின்ற அவன் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் இருந்திருக்க மாட்டீர்கள்.

நாலேகாலுக்குக் கடைசி இலை பேர் கொடுத்து முடித்தது; தளபதி மட்டும் ஏனோ இன்னும் வாசலை விட்டு நகரவில்லை. அண்ணன் மாடி ஏறினான், புது ஓ.எஸ். இருந்த பென் டிரைவைக் கையில் எடுத்தான். நான் ஓடினேன்.

"எண்ணே, துடைக்காத! சேவ் எல்லாம் டாக்குமென்ட்ஸ்ல இருக்கு. அது இன்னும் போகல."

"போட்டி, பொய்க்காரி."

"சத்தியமா. அதான் செவல குட்டியா போச்சு."

"அப்பா பஸ் ஸ்டாண்டுல நிக்காருன்னும் சத்தியம்தான் பண்ணுன."

"மாதா மேல ஆணை!"

"அன்னைக்கும் மாதா மேலதான். போட்டி அங்குட்டு, மனுசன் நெஞ்சு வெந்து கெடக்கேன்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டான். பொய்க்காரியின் சொந்தக் குரல் எவ்வளவு மெலிசு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, எனக்கு வேறு குரல்களும் உண்டு. நாலு நாலு படியாக மொட்டைமாடிக்குத் தாவினேன், பைப்பை எடுத்தேன், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன்.

"நிறுத்து, ரோமால்ட்!"

தெருவே நின்றது. கொடித்துணிகூட ஆடவில்லை. ஜன்னலில் அண்ணன் தலை தெரிந்தது.

"வீரனே! விரலை எடு! உன் குதிரை இன்னும் அங்கேதான் இருக்கிறது!"

"எங்க, தளபதி?" என்றான்.

"சி டிரைவ்! டாக்குமென்ட்ஸ்! ஏழுகோட்டை என்று ஒரு சின்ன ஃபோல்டர்! வேறொரு பென் டிரைவில் எடு!"

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இருக்கு, தளபதி!"

அங்கேயே நான் விட்டிருக்க வேண்டும். "கொண்டு வா" என்று முடித்திருந்தால் நான் மாதா கோயில் பீடத்தில் பூ வைக்கத் தகுந்தவளாகி இருப்பேன். ஆனால் அவன் "இருக்கு" என்ற தொனியில் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிப் போனது. கல் இறங்கின இடம் காலியாகக் கிடந்தால் அங்கே வேறு என்ன வரும்?

"அப்படியே கொண்டு வராதே! தாம்பாளத்தில் கல்லுப்பு பரப்பு! உப்பின் மேல் பென் டிரைவை வை! தலையில் வைத்துக்கொள்! செருப்புப் போடாதே! நேராக நடக்காதே, குதிரை போல நட!"

ஆமாம், அந்த இடம் இதுதான். சிரியுங்கள்.

இருபத்தொரு வயசு, கருகருவென்று மீசை, நாளைக்குக் கப்பல் தேர்வு; அப்படிப்பட்ட ஆள் தலையில் தாம்பாளமும் தாம்பாளத்தில் உப்புமாக, முழங்காலை நெஞ்சு வரை தூக்கித் தூக்கி, டக் டக் என்று நாக்கால் குளம்புச் சத்தமும் போட்டுக்கொண்டு (அதை நான் சொல்லவே இல்லை, அவனாகச் சேர்த்தது) சங்குகுளித் தெருவைக் கடந்தான். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு ராஜ்ஜியம் முழுக்க வலது காலை எடுத்து வைத்துப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம்? லூர்து சித்தி முக்காடு போட்டுக்கொண்டாள். லாரிக்காரர் இன்ஜினை அணைத்தார். சந்தனமாரி அக்கா தட்டைச் சுற்றி, "உப்போட வாரான், நல்ல புள்ள," என்று கண் கலங்கினாள். கலங்காமல் நின்றவர் தளபதி ஒருவர்தான்.

அண்ணன் ஜன்னலோரம் முட்டி போட்டான், உப்பை ஊதிவிட்டுப் பென் டிரைவை அக்காவின் லேப்டாப்பில் செருகினான். ஒன்பது எம்.பி. போக எவ்வளவு நேரம் ஆகும்? கண் இமைக்கிற நேரம்.

அக்கா வீட்டுக்குள் ஒரு கனைப்பு கேட்டது. பூஜையறை மணி தானாக ஒருதரம் ஆடியது. பிறகு வாசலில், நிலையில் முதுகு இடிக்க, பிடரி தோள்வரை தொங்க, செம்மண் நிறத்தில் முழுக்குதிரையாகச் செவலை வந்து நின்றது. அதன் இடது முன்னங்கால் லாடம் கொஞ்சம் கோணலாக இருந்தது. பதினைந்து வயசில் அண்ணன் அடித்தது. அது படியிறங்கி வந்து அண்ணன் தோளில் தாடையை வைத்து, ஆறு வருஷத்து மூச்சையும் அவன் காதில் விட்டது. அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினான். நான் அழவில்லை, தொட்டிக்குப் பின்னால் காற்றில் தூசி இருந்தது.

சேவ் போனது குதிரைக்கு மட்டுமா போனது? தளபதிக்கும் போனது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், அன்றைக்கு முதல் முறையாக அண்ணனைப் பார்த்தார். ஈட்டியைக் கீழே வைத்தார், ஒரு முட்டி போட்டார், இரண்டு கையாலும் இரும்பு முகமூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளை மீசை, தேன் நிறக் கண், சந்தோஷத்தில் நடுங்குகிற உதடு. அவர் வாயைத் திறந்து அண்ணனிடம் என்னவோ நீளமாகப் பேசினார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாத ஏதோ பாஷை. குரல், குருவிக்குஞ்சு கத்துவது போலக் கீச்சுக்குரல்.

அண்ணன் தளபதியைப் பார்த்தான். அவர் மறுபடி கீச்சிட்டார். அண்ணன் தன் வெறுங்காலைப் பார்த்தான், தாம்பாளத்தைப் பார்த்தான், காலி மோர்க்குடங்களைப் பார்த்தான், தண்ணி லாரியைப் பார்த்தான். லாரிக்காரர் ஒரு சல்யூட் அடித்தார். அண்ணனின் உதடு ஏதோ எண்ணுவது போல அசைந்தது. பிறகு, செவலையின் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே, மெல்ல, மிக மெல்ல, தலையைத் தூக்கி எங்கள் மொட்டைமாடியைப் பார்த்தான். எனக்குப் பைப்பை மறைக்க நேரம் இருந்தது, மறைக்கத் தோன்றவில்லை.

அவன் திட்டவில்லை. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான். வாழ்க்கையில் யார் குரலும் வராத என் அண்ணன், நான் காலையில் இருந்து கட்டி வைத்திருந்த அந்தக் குரலிலேயே, இரும்புக்குள் இருந்து வருவது போல, தெரு அதிரச் சொன்னான்:

"டெல்சி! வீராங்கனையே! எறங்கி வாட்டி கீழ!"